தன்னைப் பற்றி மட்டும்

மூன்றாவது பட்டனைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, கூடத்தில் மறுபடியும் யாரோ "பதினோராம் விதி" என்றார்கள். நர்ஸம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த மனுஷனுக்குச் சட்டை மாட்டுவது அவளுக்குப் புதிதில்லை. முப்பத்தாறு வருஷ வார்டு வேலையில் எத்தனையோ பேருக்கு மாட்டியிருக்கிறாள். ஆனால் பக்கத்து அறையில் மூன்று பேர் உட்கார்ந்து, அந்தச் செத்த மனுஷன் செத்துவிட்டார் என்று வெளியே சொல்லலாமா கூடாதா என்று விவாதம் நடத்த, அதைக் கேட்டுக்கொண்டே மாட்டுவது இதுதான் முதல் தடவை.

காலை ஆறு நாற்பதுக்குப் போனது உயிர். பல் தேய்க்கப் போனவர் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, "ஒரு மாதிரி இருக்கு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நெஞ்சை அழுத்தினாள், கை ஓயும்வரை அழுத்தினாள், அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியை மனதில் குறித்துக்கொண்டாள். பழக்கதோஷம். கட்டிய புருஷன் போனதும் முதல் காரியமாக மணி பார்த்திருக்கிறோமே என்று பிற்பாடு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சட்டாம்பிள்ளை என்பதுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் ஒட்டியது, அறுபத்தெட்டு வயதுவரை உதிரவில்லை. தொலைபேசி இலாகாவில் பொறியாளர் வேலை. ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால் பிடித்தது இந்தப் பைத்தியம்: ஊருக்கென்று சொந்தமாக ஒரு சமூக வலைத்தளம். அதில் விளம்பரம் கிடையாது, முதலாளி கிடையாது, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று வேவு பார்க்கிற வேலை கிடையவே கிடையாது. எது செய்தாலும் ஓட்டு. அதற்குப் பெயர் வைக்கவும் ஓட்டு. 'சமமன்றம்' என்று அவர் முன்மொழிந்தார். ஊர் கூடி 'குழாயடி' என்று வைத்தது. நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவர், ஐந்தாம் நாள், "ஓட்டுன்னா ஓட்டுதான்" என்று தன் கையாலேயே குழாய்ப் படம் வரைந்து மேலே ஒட்டினார்.

இப்போது மூவாயிரத்துச் சொச்சம் பேர் அதில் இருக்கிறார்கள். பழைய சைக்கிள் விற்பதிலிருந்து தெருவிளக்கு எரியாததுவரை எல்லாப் பேச்சும் அங்கேதான். எல்லாருக்கும் புனைபெயர். எந்தப் பெயருக்குப் பின்னால் எந்த முகம் என்று எவருக்கும் தெரியாது. சட்டாம்பிள்ளை மட்டும் சட்டாம்பிள்ளை என்றே இருந்தார், அவர் மனைவி நர்ஸ் என்பதும் ஊருக்கே தெரியும். நிர்வாகத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி ஐந்து பேரை எடுப்பார்கள். அந்த ஐந்து பேர் மட்டும் முகத்தைக் காட்டியாக வேண்டும். இந்த முறை சீட்டு விழுந்தவர்களில் இருவர் வெளியூர் போயிருந்தார்கள். மீதி மூவர்தான் கூடத்தில் இருந்தவர்கள்: ஒரு பஸ் டிரைவர், ஒரு பேக்கரிக்காரர், ஒரு வக்கீலம்மா.

அவர்களை வரச் சொன்னதே நர்ஸம்மாதான். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாலு மணிக்கு வண்டி கிளம்புவதற்குள் மகளுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

மகள் இந்த வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. வீட்டை விட்டுப் போன அந்த வாரமே நம்பரை மாற்றிவிட்டாள். வேலையையும் மாற்றிவிட்டாள். அவளுடைய பழைய சிநேகிதிகள் எல்லாரையும் கொழுந்தன் காலையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டான், ஒருத்திக்கும் தெரியவில்லை. ஆனால் அவள் குழாயடியில் இருக்கிறாள். அது நிச்சயம். உள்ளே சேர ஏற்கெனவே இருக்கும் இரண்டு பேர் சிபாரிசு செய்ய வேண்டும். மகளுக்குச் சிபாரிசு போட்டவர்களில் ஒருவர் இந்தப் பேக்கரிக்காரர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி, ரொட்டி வாங்கி, சிபாரிசும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள் என்று, குடித்த டீ தொண்டையில் இறங்குவதற்குள் ஒருநாள் உளறிவிட்டு, உளறியதற்காக ஒரு மாதம் நர்ஸம்மா கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தார். உள்ளே போனவள் என்ன பெயர் வைத்துக்கொண்டாள் என்பது அவருக்கும் தெரியாது. அப்படித்தான் கட்டியிருந்தார் சட்டாம்பிள்ளை.

"ஒரே ஒரு தரம் பாருங்க" என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பாள். எந்தப் பெயர்ல இருக்கா, நல்லா இருக்காளா, அது தெரிஞ்சாப் போதும். ஒவ்வொரு தடவையும் அவர் அதே பதிலைத்தான் சொன்னார். பார்க்க முடியாத மாதிரிக் கட்டியிருக்கேன். கட்டினவனுக்குத் தெரியாத பூட்டு உலகத்தில் உண்டா என்று அவள் கத்துவாள். அவர் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார்.

கடைசிப் பட்டனைப் போட்டு, காலரை இழுத்துவிட்டு, அவர் தலையை வாரினாள். உயிரோடிருந்தபோது ஒருநாளும் ஒழுங்காக வாரிக்கொள்ளாத தலை. வாரியதும் வேறு யாரோ மாதிரி இருந்தார். கொஞ்சம் கலைத்துவிட்டாள். பிறகு கூடத்துக்குப் போனாள். மணி பத்தரை.

"என்ன முடிவாச்சு?"

மூவரும் எழுந்து நின்றார்கள். பேக்கரிக்காரர் டிரைவரைப் பார்த்தார், டிரைவர் வக்கீலம்மாவைப் பார்த்தார், வக்கீலம்மா கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். குழாயடியின் பதினோராம் விதி: ஒருவருடைய உடம்பு, வீடு, மணம், மரணம் பற்றி அவருடைய சம்மதம் இல்லாமல் இன்னொருவர் எழுதக் கூடாது. மரணத்துக்கு எப்படி அய்யா சம்மதம் வாங்குவது என்று அப்போதே சிலர் கேட்டார்கள். அதற்கும் சட்டாம்பிள்ளை வழி வைத்திருந்தார். செட்டிங்ஸில் 'முன் சம்மதம்' என்று ஒரு கட்டம். நான் போன பிறகு என் சாவைச் சொல்லலாம் என்று உயிரோடிருக்கும்போதே அதில் ஒரு டிக் போட்டுவிட வேண்டும். அந்தக் கட்டத்தில் டிக் போடச் சொல்லி ஊரையே அரித்தெடுத்தார். சலூனில் சொன்னார், ரேஷன் வரிசையில் சொன்னார், ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையிடமே சொல்லித் திட்டு வாங்கினார். மாசாமாசம் நினைவூட்டல் அனுப்பினார்.

தன் கட்டத்தில் டிக் போடவில்லை.

"போடலியா?" என்றாள் நர்ஸம்மா.

"பார்த்துட்டோம்மா. காலியா இருக்கு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள், இந்த மனுஷனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? ஊரார் வீட்டுக் கேஸ் குழாய்க்கெல்லாம் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்துக் கொடுப்பார். சொந்த வீட்டில் நாலு நாளாக நாற்றம் வந்தால் மழை மணம் என்பார்.

பேக்கரிக்காரருக்குப் பொறுக்கவில்லை. விதியாவது மண்ணாவது, போட்டுவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்றார். டிரைவர் தலையை ஆட்டினார். இருபத்தைந்து வருஷமாக ஒரு சிக்னலைக்கூடத் தாண்டாத ஆள் அவர். பேச்சும் அப்படித்தான், நின்று நின்று வரும்.

"போன மாசம் ஒரு அம்மா தன் அண்ணன் செத்துட்டார்னு போட்டாங்க. அண்ணன் டிக் போடல. நாமதான் எடுத்தோம். இவரும் எடுக்கணும்னுதான் சொன்னார். அந்தம்மா எனக்கு எழுதினாங்க, என் அண்ணன் செத்ததை நான் சொல்லக் கூடாதான்னு. மூணு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல. இன்னிக்கு இவருக்குன்னதும் போட்டுட்டா, அந்தம்மாவுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

நர்ஸம்மாவுக்கு அவர் மேல் வந்த கோபத்தில் கையிலிருந்த சீப்பை வீசியிருப்பாள். வீசவில்லை. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

விதியை மாற்றலாமே என்று கொழுந்தன் வாசலிலிருந்து கேட்டான். மாற்றலாம், ஆனால் ஒரு முழு நாள் எல்லாருக்கும் அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் ஓட்டு என்றாள் வக்கீலம்மா. அப்படியானால் எடுப்பதை நாளைக்குத் தள்ளலாமா என்றால், தகனக்கூடத்தில் நாளையிலிருந்து மூன்று நாள் பராமரிப்பு வேலை. இன்றைக்கு நாலரை மணிதான் கிடைத்த கடைசி நேரம். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்து.

"அவர் லேப்டாப்பைத் திறங்க" என்றாள் நர்ஸம்மா. "உள்ளே அவ பேரு எங்கியாவது இருக்கும். எனக்குத் தெரியும். இருந்துக்கிட்டே இல்லைன்னு சொன்னார் இந்த மனுஷன்."

கமிட்டியின் சாவி வக்கீலம்மாவிடம் இருந்தது. அவள் தயங்கினாள், மற்ற இருவரையும் பார்த்தாள், பிறகு, காட்டுவதில் தப்பில்லை, காட்ட ஒன்றும் இல்லாததால், என்று சொல்லித் திறந்தாள். நர்ஸம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். திரை முழுக்க எண்ணும் எழுத்தும் குழைத்த கூழாக ஓடியது. பெயர் இல்லை, நம்பர் இல்லை, ஊர் இல்லை. சாகிற நோயாளியின் கேஸ் ஷீட்டைப் புரட்டுகிற கவனத்தோடு அவள் மேலே போனாள், கீழே வந்தாள், வக்கீலம்மாவை வேறு பக்கம் திறக்கச் சொன்னாள். அங்கேயும் அதே கூழ்.

"இவ்வளவுதாம்மா. இதுக்கு மேல உள்ள போக வழியே கிடையாது. அவருக்கும் கிடையாது."

ஆறு வருஷமாகப் பொய்யன், கல்நெஞ்சன், பெற்ற மகளைவிடப் பெட்டிதான் பெரிசு என்று என்னென்ன சொல்லியிருக்கிறாள். போன வாரம்கூட ஒருநாள் சொன்னாள். அவர் ஒரு தடவைகூட இப்படித் திறந்து காட்டி, பாருடி, நான் சொன்னது நிஜம் என்று சொன்னதில்லை. காட்டியிருக்கலாமில்லையா? வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா? அவளுக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தில் கண் நிறைந்துவிட்டது. எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதினோராம் விதி யாருக்காக எழுதப்பட்டது என்று இந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் கட்டிலில் கிடந்தார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு வாரம் தங்கிவிட்டுப் போக மகள் வந்திருந்தாள். குளிக்கப் போனபோது போனை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். போன் மினுங்கியது. நர்ஸம்மா பார்த்தாள். பார்த்ததோடு விட்டிருக்கலாம். விரலை வைத்து மேலே தள்ளித் தள்ளி முழுக்கப் படித்தாள். யாரோ ஒரு வக்கீலுக்கு மகள் எழுதியிருந்தாள், புருஷனை விட்டுப் பிரிவதென்று. புருஷனுக்கு இன்னும் சொல்லவில்லை, அவர் ஊரிலிருந்து வந்ததும் நேரில் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருந்தது. நர்ஸம்மா நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தாள். சொந்தக்காரர்கள் நாற்பது பேர் இருக்கிற குழுவில், பொண்ணு இப்படி ஒரு முடிவு எடுத்திருக்கா, பெரியவங்க யாராவது புத்தி சொல்லுங்க என்று எழுதிப் போட்டாள். அந்த நாற்பதில் மருமகனின் மாமாவும் ஒருவர். மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் மருமகன் போன் செய்துவிட்டான்.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஈரத் தலையோடு துணிகளை மடித்துப் பையில் வைத்தாள், அப்பாவிடம் போய் ஏதோ சொன்னாள், படியிறங்கிப் போனாள். அவரும் நர்ஸம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அந்த விதியை எழுதினார். குழாயடியில் ஒன்பது நாள் சண்டை நடந்து ஓட்டில் ஜெயித்தது. அன்றைக்கு நர்ஸம்மா அவரிடம், இதுக்கு என்னைத் தூக்குல போட்டிருக்கலாம் என்றாள். உன்னைப் பத்தி இல்ல என்றார். இரண்டு பேரும் அதை நம்பாமலே ஆறு வருஷம் ஓட்டினார்கள்.

இப்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டாள், அவர் எப்போதும் மடித்துக்கொள்கிற மாதிரி. வெளியே பேக்கரிக்காரர் மறுபடியும் குரலை உயர்த்துவது கேட்டது. அடுத்தவர் சம்மதம் இல்லாமல் அடுத்தவரைப் பற்றி எழுதக் கூடாது. சரி. அவள் கதவைத் திறந்தாள்.

"அவரைப் பத்தி எழுத வேணாம். என்னைப் பத்தி நான் எழுதலாம்ல?"

மூவரும் திரும்பினார்கள். நீங்கள் உறுப்பினரே இல்லையே என்றார் டிரைவர். உண்மைதான். புருஷன் கட்டிய சொத்து என்று ஒருநாளும் அவள் அதில் காலை வைத்ததில்லை. வைப்பேனா என்று வீம்பு. சிபாரிசுக்கு இரண்டு பேர் இங்கேயே இருக்கிறீர்களே, சேர்த்துவிடுங்கள் என்றாள். வக்கீலம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் ஒரு அறிமுகம் எழுத வேண்டும். அது ஒருநாள் முழுக்க எல்லாருக்கும் மேலே நிற்கும். அதற்கு ஒரே நிபந்தனை, தன்னைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும்.

டிரைவர் அந்த விதியை எடுத்து இரண்டு தடவை படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தடவையும் படித்தார். பிறகு, "முதல் சிபாரிசு நான் போடறேன்" என்றார்.

புனைபெயர் கேட்டது. யாரென்று கண்டுபிடிக்க முடியாத பெயராக வையுங்கள் என்று பேக்கரிக்காரர் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தார். கண்டுபிடிக்கணும்னுதானே எழுதறேன் என்று அவள் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். 'ஊசிக்காரி' என்று அடித்தாள். சின்ன வயதில் ஊசி போட வரும்போதெல்லாம் மகள் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு அவளை அப்படித்தான் திட்டுவாள்.

எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. வார்டு ரிப்போர்ட் தவிர வேறு எதுவும் எழுதிப் பழகாத கை. எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். 'என் கணவர்' என்று தொடங்கினால் டிரைவர் தொண்டையைக் கனைத்தார், அழித்தாள். 'எங்கள் வீட்டில் ஒரு மரணம்' என்றாள், யாருடைய மரணம் என்று வக்கீலம்மா மெதுவாகக் கேட்டாள், அழித்தாள். மூன்றாம் தடவை கேட்டால் உங்கள் மூவரின் மரணத்தைப் பற்றித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு, திரும்பி உட்கார்ந்து ஒரே மூச்சில் அடித்தாள்.

'நான் ஓய்வு பெற்ற நர்ஸ். நாற்பத்தொரு வருஷமாக இரண்டு பேருக்குச் சமைத்தேன், நடுவில் மூன்று பேருக்கு. இன்று காலை ஆறு நாற்பதிலிருந்து எனக்கு மட்டும் சமைத்தால் போதும். நாலு மணிக்கு என் வீட்டு வாசலிலிருந்து ஒரு வண்டியில் போகிறேன். தனியாகத் திரும்பி வருவேன். ஆறு வருஷம் முன்னால், எனக்குச் சொந்தமில்லாத ஒரு செய்தியை நாற்பது பேருக்குச் சொன்னேன். இது எனக்குச் சொந்தமானது.'

டிரைவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "விதிப்படி இருக்கு" என்றார். அப்போது மணி பன்னிரண்டு ஐந்து.

அதற்கப்புறம் அவளுக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே, அது தனி. படித்தாளா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்துகொள்ள முடியாது. எத்தனை பேர் படித்தார்கள் என்றாவது? அதுவும் முடியாது. படித்ததற்கு அடையாளமாக விழும் சின்னக் கோடு, எண்ணிக்கை எல்லாவற்றையும் போன வருஷம்தான் ஓட்டுப் போட்டு எடுத்துவிட்டார்கள். யார் கொண்டுவந்த தீர்மானம் என்று அவள் கேட்கவில்லை. கட்டில் பக்கம் மட்டும் ஒரு பார்வை பார்த்தாள்.

பதில்கள் வந்தன. அதுதான் இன்னும் மோசம். அறிமுகத்துக்குக் கீழே விரலால் தொட்டால் தானாகவே விழுகிற ஒரு வாக்கியம் இருந்தது: 'குழாயடிக்கு மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம்!' படிக்காமலே தொடுகிறவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? ஒன்று, இரண்டு, ஏழு, பதினைந்து மகிழ்ச்சி வந்து விழுந்தது. பேக்கரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பதினாறாவதாக யாரோ ஒருவர், 'எல்லாரும் கொஞ்சம் நிறுத்திவிட்டு மேலே இருப்பதைப் படியுங்கள்' என்று எழுதினார். அதோடு மகிழ்ச்சி நின்றது. வெகுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு ஒருவர், 'நாலு மணிக்கு வருகிறேன்' என்றார். இன்னொருவர், 'நானும்.' யாரைப் பார்க்க, எதற்கு என்று ஒருவரும் எழுதவில்லை. விதிப்படி நடந்துகொண்டார்கள்.

மூன்று மணியிலிருந்து தெருவில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். சொந்தக்காரர்களை அவளுக்குத் தெரியும், மருத்துவமனைக்காரர்களைத் தெரியும். இவர்கள் வேறு. ஒருவரை ஒருவர் தெரியாமல், ஆளுக்கு இரண்டடி இடைவெளி விட்டு, கல்யாண வீட்டில் தப்பான பந்தியில் உட்கார்ந்துவிட்டவர்களைப் போல விழித்துக்கொண்டு நின்றார்கள். வரிசையாக உள்ளே வந்தார்கள், அவர் முகத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள், போனார்கள். ஒரு தடித்த ஆள் மட்டும் நின்று, "எனக்கும் இவருக்கும் ஒன்பது வருஷமாச் சண்டை. முகத்தை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு தேம்பினார்.

நர்ஸம்மா ஒவ்வொரு பெண் முகமாகத் தேடினாள். நீளப் பின்னலைத் தேடினாள். மூன்றரை ஆயிற்று, மூன்றே முக்கால் ஆயிற்று. வேலியோரம், கிராப்புத் தலையும் தடித்த கண்ணாடியுமாக நின்றிருந்த ஒருத்தியின் தோளுக்கு மேலாகத் தெருமுனையை எட்டி எட்டிப் பார்த்தாள். வருகிற பஸ்ஸெல்லாம் யாரையோ இறக்கிவிட்டுப் போயின.

வண்டி சரியாக நாலுக்கு வந்துவிட்டது. ஒருநாளும் நேரத்துக்கு வராத வண்டி என்று ஊரே சொல்லும், அதற்கும் இன்றைக்கென்று ரோஷம் வந்துவிட்டது. அவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஏற்றினார்கள். போகலாமா என்று வண்டிக்காரன் கேட்டபோது நர்ஸம்மா தெருமுனையையே பார்த்தாள். அப்போது பஸ் டிரைவர் முன்னால் போய், பின்சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிற மாதிரித் தெரிகிறது என்றார். இல்லையே என்றான் வண்டிக்காரன். இவர் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைத் தட்டினார். அடுத்த சக்கரத்துக்குப் போனார். நாலையும் தட்டிவிட்டு, தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கிறாயா, எடு என்றார். ஒரு நிமிஷம்கூடத் தாமதம் ஆகாத மனுஷன், ஒவ்வொரு காகிதமாக வெயிலில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் படித்தார். பன்னிரண்டு நிமிஷம் அப்படிப் போனது. அதற்கு மேல் அவருக்கும் படிக்க ஒன்றுமில்லை. நர்ஸம்மாவைப் பார்த்தார். போதும் என்று அவள் கையைக் காட்டினாள்.

பின்பக்கம் ஏறி, பெட்டிக்குப் பக்கத்து நீள இருக்கையில் உட்கார்ந்தாள். வேறு யாரும் தன்னருகில் உட்கார வேண்டாம் என்று கைப்பையைப் பக்கத்தில் வைத்தாள். கொழுந்தன் முன்னால் வண்டிக்காரனோடு ஏறிக்கொண்டான். கதவைச் சாத்த ஒரு கை நீண்டது, சாத்தாமல் அப்படியே நின்றது.

"இங்க உட்காரலாமா?"

கிராப்புத் தலை, தடித்த கண்ணாடி. உறுப்பினர்களெல்லாம் பின்னால் வரட்டும் என்று சொல்ல நர்ஸம்மா வாயெடுத்தாள். அப்புறம்தான் அந்தக் குரல் காதுக்குள் போய்ச் சேர்ந்தது.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மகள் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்ப வந்த?"

"மூணு மணிக்கே."

"மூணு மணியிலேருந்து நிக்கிறியா? கண்ணுக்கு எதிர்லயே நின்னுக்கிட்டு... ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா? நான் இங்க பைத்தியம் பிடிச்ச மாதிரி..."

"எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்னு இருந்துச்சும்மா."

நர்ஸம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. தலையை எதற்கு வெட்டிக்கொண்டாய், கண் எப்போது கெட்டது, இத்தனை வருஷம் அதில் இருந்துகொண்டு அப்பாவுக்கு ஒரு வரி எழுதினாயா என்று அடுக்கத் தோன்றியது. எழுதினாயா என்பதை மட்டும் கேட்டாள்.

"எழுதல. அவரோட தீர்மானத்துக்கெல்லாம் ஓட்டுப் போட்டேன்."

"எதிர்த்தா?"

"பாதி."

முன்சீட்டுக்கும் பின்னுக்கும் நடுவிலிருந்த சின்ன ஜன்னலைத் தள்ளி, கொழுந்தன் தலையை நீட்டினான். வெளிச்சத்திலிருந்து பார்க்கிறவனுக்கு உள்ளே சரியாகத் தெரியவில்லை.

"அண்ணி, யாரு அது ஏறினது?"

நர்ஸம்மாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆறு வருஷமாக வாய்க்குள் கிடந்த வார்த்தை. தெருவில் நிற்கிற சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிக் கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அவகிட்டயே கேளு" என்றாள்.

மகள் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினாள். பிறகு ஜன்னலைப் பார்த்து, "நான்தான் சித்தப்பா" என்றாள்.

வண்டி கிளம்பியது. பின்னால், ஒருவரை ஒருவர் தெரியாத அந்தக் கூட்டம் இரண்டடி இடைவெளி விட்டே நடந்து வந்தது. தெரு திரும்புகிற இடத்தில் வேகத்தடை இருந்தது. வண்டிக்காரன் பார்க்கவில்லை. பெட்டி குலுங்கி முன்னால் நகர்ந்தபோது, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.